கக்கூஸ் கதவுக்கு வைத்த குங்குமம்

முதலில் நாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைத் தாண்டித்தான் அந்தக் கதவுக்குப் போக முடியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், திருவொற்றியூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நீளமான ஒரு சந்து. சந்தின் ஒரு பக்கம் வரிசையாக ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். தெருவைப் பார்த்தபடி முன்னால் வீட்டுக்காரம்மாவின் மாடி வீடு. சந்து போய் முட்டுகிற கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கக்கூஸ். மணலி உரத் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றடித்தால் அமோனியா. கடல் பக்கமிருந்து அடித்தால் கருவாடு. காற்றே அசையாத நாளில் கக்கூஸ். இந்த மூன்றில் ஏதோ ஒன்று எப்போதும் சோற்றுத் தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அமோனியா கண்ணைக் கரிக்கும், ஆனால் அதில் மனிதர்கள் இல்லை. கருவாட்டில் உப்பும் வெயிலும் இருக்கும், சில நாள் பசிகூட எடுக்கும். கக்கூஸ் நாற்றத்தில்தான் பக்கத்து அறைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் நேற்று தின்றது, குடித்தது, தண்ணீர் ஊற்றாமல் எழுந்து வந்தது, எல்லாம் அதில் இருந்தது. சந்தில் எதிரே வருகிறவர் சிரித்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அந்த வயதில் மனிதர்களைக் கொஞ்சம் அதிகமாகவே அருவருத்தேன் என்று இப்போது எழுதலாம். எழுதிப் பார்க்கிறேன், பொய்யாக இருக்கிறது. அளவாகத்தான் அருவருத்தேன்.

கதவு, ஹார்பரில் கழித்துப் போட்ட பேக்கிங் பெட்டி மரம். கப்பலில் மெஷின் வந்த பெட்டிகளைப் பிரித்துப் பலகையாக விற்பார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ வீடுகளில் கட்டில், அலமாரி, கோழிக்கூண்டு எல்லாம் அந்த வெளிறிய மரம்தான். எங்கள் கக்கூஸ் கதவின் வெளிப்பக்கம், மேலே பூசிய பச்சைப் பெயிண்டையும் மீறி, கறுப்பு மையில் அச்சடித்த ஒரு குடையும் ஒரு கண்ணாடிக் கோப்பையும் தெரியும். கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அர்த்தம் தெரியும். குடை என்றால் நனைய விடாதே. கோப்பை என்றால் உடைகிற சாமான், பார்த்துத் தூக்கு. லைனில் மற்றவர்களுக்கு அது ஒயின் ஷாப் போர்டு.

"இன்னா மாமு, கடை தொறந்துக்கிச்சா?" என்று காலையில் வாளியோடு வந்து நிற்பார் பக்கத்து அறைக்காரர். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வருகிற மீன்பாடி வண்டி அவருடையது. மூன்று சக்கரமும் பழைய ஸ்கூட்டர் எஞ்சினுமாக, தெரு முனையில் திரும்பும்போதே அது வருவது காதுக்கும் மூக்குக்கும் சேர்ந்து தெரியும். என் மனைவியைத் தங்கச்சி என்பார். அதனால் நான் மாமு.

நனைய விடாதே என்று எழுதியிருந்த மரம் நாளெல்லாம் நனைந்தது. வாளித் தண்ணீர், மழைத் தண்ணீர், கால்களுக்கு நடுவே தெறித்த தண்ணீர். கீழ்ப்பாதியில் முழங்கால் உயரத்துக்குத் தகரம் அடித்திருந்தார்கள், மரம் உளுத்துப்போகக் கூடாதென்று. தகரத்துக்குப் பின்னால் தண்ணீர் புகுந்து வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே குடித்தனம் செய்தது. மரம் டீயில் விழுந்த பொறை ரொட்டி மாதிரி ஊறியது. வெயில் காலத்தில் எப்படியோ சாத்தியது. புரட்டாசியில் முதல் மழை இறங்கியதும் உப்பிக்கொண்டது. நிலைக்குள் பாதி போய் நின்றுவிடும். தள்ளினால் போகாது, இழுத்தால் வராது. ஒரு கை அகலம் திறந்தபடி நிற்கும். தாழ்ப்பாள் தன் துளையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

கதவு புடிக்குது என்றார்கள் எல்லோரும். நம் மொழியில் இறுக்கிப் பிடிப்பதற்கும் மனசுக்குப் பிடிப்பதற்கும் ஒரே சொல். அந்தச் சந்தில் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. கதவுக்கு மட்டும் அந்த நிலையை அப்படிப் பிடித்திருந்தது.

ஆண்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஒரு காலை நீட்டிக் கதவில் முட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்துகொள்வார்கள். பாடுவார்கள். உள்ளே இருப்பதற்கு அடையாளமாக இருமுவார்கள். பீடிப் புகை அந்த ஒரு கை அகலத்தின் வழியே நிதானமாக வெளியே வரும். பெண்கள் ஜோடி ஜோடியாகப் போனார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி இடைவெளியை முதுகால் மறைத்துக்கொண்டு, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு ஆள் மாறும். வண்டிக்காரரின் மனைவி மீன் விற்கப் போய்விட்டால் பகலில் என் மனைவிக்கு ஜோடி கிடையாது. நான் யார்டில். அவளுக்கு ஏழாம் மாதம்.

கடைசி அறையில் தனியாக ஒருவன் இருந்தான். அவன் பல் தேய்க்கிற இடம் கக்கூஸுக்கு நேர் எதிரே. அதுவரை குழாயடியில் தேய்த்தவன்தான். கதவு பிடிக்க ஆரம்பித்த பிறகு அங்கே வந்து நின்றான். வாய் முழுக்க நுரை, கையில் பிரஷ், பார்வை எங்கேயோ போகிற மாதிரி இருக்கும், ஆனால் எங்கேயும் போகாது. அத்தனை நேரம் தேய்த்தால் மனிதனுக்குப் பல்லே மிஞ்சக் கூடாது. ஒரு நாள் அவள் உள்ளே இருந்தபடி அந்த நுரையையும் அதற்கு மேலே இருந்த கண்ணையும் பார்த்துவிட்டாள். என்னிடம் சொல்லும்போது அழவில்லை. தலை துவட்டுவது மாதிரி முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு முதலில் தெரியவில்லை. குழம்பைப் பிசையாமல் சோற்றைக் கட்டியாகத் தின்றாள். உதடு வெடித்தது. பிறகு நீர்க்கடுப்பு, லேசாகக் காய்ச்சல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். லேடி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திட்டினார்.

"தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா நீ? இது மேல ஏறிச்சுன்னா ஜுரம் தூக்கும், வலி முன்னாடியே வந்துடும். மாசம் முடியாம கொழந்தை பொறந்தா நீதான் ஒக்காந்து அழணும். மாத்திரை தரேன், ஆனா தண்ணி குடிக்கலைன்னா மாத்திரை ஒண்ணும் பண்ணாது. ஒரு நாளைக்கு ஒரு குடம் குடி."

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஒரு கொடம் குடிக்கலாம்யா. எறக்கி வெக்கிறது எங்க? அந்தம்மா ரூம்லயா?"

அம்மா வீட்டுக்குப் போய் இரேன் என்றேன். முகத்துவாரக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டில் கக்கூஸே கிடையாது, கடற்கரைதான். "இந்த வயித்த வெச்சிக்கினு மணல்ல குந்தி எழுந்துக்க முடியுமா? வாய்ல வந்தத சொல்லாத" என்றாள்.

வீட்டுக்காரம்மாவிடம் போனேன். மாடிப்படியில் சாம்பிராணி வாசனை. அவர்கள் கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே, டைல்ஸ் போட்டு, கதவில் கொக்கி மாட்டி அதில் துண்டும் தொங்கும். கதவைப் பற்றி நான் சொன்னதை வாழைக்காய் சீவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இஸ்து சாத்தினா சாத்திக்கும். உங்கள்ல ஒருத்தருக்கும் கதவு சாத்த தெரியல. அது இன்னா பண்ணும் பாவம்?"

"இல்லம்மா, ஊறிப்போய் கீது..."

"மழை நின்னா தானா சுருங்கிக்கும். பொங்கலுக்கு அப்பால பாத்துக்கலாம்."

பொங்கலுக்கு முன்னாலேயே குழந்தை பிறந்துவிடும் என்றேன். நல்லபடியா பொறக்கட்டும் என்று வாழ்த்தினார். அந்த வாழ்த்து என் சட்டையில் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். மெழுகுவர்த்தியை விளிம்பில் தேய்த்தேன். சோப்பு தேய்த்தேன். காய் நறுக்குகிற கத்தியால் பிடிக்கிற இடத்தைச் சுரண்டினேன், மரம் சீவலாக வராமல் கூழாக வந்தது. அடியில் எங்கே தட்டுகிறதென்று பார்க்கத் தகரத்தின் பின்னால் விரலை விட்டேன். மெத்தென்று இருந்தது. பிறகு அந்த மெத்து நகர்ந்தது. கரப்பான்கள், அவற்றின் குஞ்சுகள், அவற்றுக்கும் கீழே வெள்ளையாக எதுவோ நெளிந்தது. கையை உதறிக்கொண்டு ஓடிவந்து சந்தின் நடுவில் வாந்தியெடுத்தேன். அன்று முழுக்க அந்தக் கையால் சாப்பிடவில்லை. ஸ்பூன் கேட்டேன். அவள் ஸ்பூனைத் தந்துவிட்டு, "நீ ஒரு தபா தொட்டதுக்கே ஸ்பூனு" என்று மட்டும் சொன்னாள்.

தெருக்கோடி ஆசாரியைக் கூப்பிட்டு வந்தேன். பையோடு வந்தவர் சந்து பாதி வரைதான் நடந்தார். கதவு எந்தக் கதவென்று தெரிந்ததும் நின்றார்.

"இதுவா?"

"இதான். கொஞ்சம் இழைச்சு வுட்டா போதும்."

"தப்பா நெனச்சிக்காத நைனா. இந்த உளிய ஆயுத பூஜைக்கு சாமி முன்னால வெக்கிறவன் நானு. வர்ற வாரம் பூஜை. இத்தத் தொட்ட உளிய எப்டி கொண்டுபோய் அங்க வெப்பேன்? நீயே சொல்லு."

இவர் காலையில் எங்கே போவார், அந்தக் கதவை எந்தக் கையால் சாத்துவார் என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் அவர் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, சுவரில் படாமல் ஒதுங்கி ஒதுங்கித் தெருவுக்குப் போய்விட்டார்.

வண்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்ன யாரு மாமு கக்கூஸ் கதவுன்னு சொல்லச் சொன்னது? கதவுன்னு சொல்லு. அதுக்கு இன்னா ஜாதி சர்ட்டிபிகேட்டா கீது?"

"பாத்தா தெரியாதா?"

"கக்கூஸ்ல நின்னாதான் கக்கூஸ் கதவு. வண்டில ஏத்திட்டா அது கட்டை."

ஸ்குரூ எல்லாம் துருவேறி நிலையோடு ஒன்றாகிவிட்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியால் தட்டித் தட்டிக் கீலைக் கழற்றினோம். அடுத்து அவர் தகரத்தின் மேல் கை வைத்தார். "இது இருந்தா எந்த ஆசாரியும் கண்டுபுடிச்சிருவான். கக்கூஸ் கதவுக்கு ஒண்டிதான் பாவாட கட்டுவாங்க." கடப்பாறையால் நெம்பினார். தகரம் பிரிந்து வந்தபோது உள்ளே இருந்ததெல்லாம் தனக்கென்று கால் முளைத்த மாதிரி சந்தெங்கும் ஓடியது. பெண்கள் கத்தினார்கள். துடைப்பத்தால் அடித்தார்கள். தெருக்குழாயடிக்குத் தூக்கிப்போய் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம், பினாயில் ஊற்றினோம், மறுபடி பிளீச்சிங். கண்ணில் தண்ணீர் வந்தது. கதவு வெளுத்து, யாரோ முடியாத ஆளைக் குளிப்பாட்டி வெயிலில் கிடத்தியது போலக் கிடந்தது. பச்சைப் பெயிண்டில் பாதி போயிருந்தது. குடை மட்டும் போகவில்லை.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை. நாங்கள் யாரென்று தெரியாத ஆசாரி. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாபா இது, நாறுது?"

"மீன் வண்டி நைனா. ரோஜாப்பூவா மணக்கும்?" என்றார் வண்டிக்காரர்.

"எந்த எடத்துக் கதவு?"

"சமையல்கட்டு."

"கீழ இன்னா இத்தினி ஆணி ஓட்டை?"

"எலிக்கோசரம் தகரம் அடிச்சிருந்தோம்."

"எலி இம்மாம் ஒசரம் எகிறுமா?"

"எங்க ஏரியா எலிய நீ பாத்தது இல்ல. பூனைய இட்டுக்கினு போயி துன்னும்."

ஆசாரி சிரித்துவிட்டார். அடியில் உளுத்த பாகத்தை அறுத்து வேறு சட்டம் வைத்து, விளிம்பு மூன்றையும் இழைத்துத் தருவதாகச் சொன்னார். பட்டறையை அலம்பிப் பூஜைக்குத் தயார் செய்துகொண்டிருந்த நேரம். "பூஜை முடிஞ்சி மறுநாள் வா. புதுசா உளி எடுக்கிற மொத வேலை ஒன்னோடதுதான்."

அந்த நாட்களில் கக்கூஸுக்குக் கதவே இல்லை. யார்டிலிருந்து ஒரு கிழிந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டினேன். கடல் காற்றுக்கு அது தன் இஷ்டத்துக்கு எழுந்து ஆடியது. மழை வந்தால் உள்ளே இருப்பவரின் முதுகில் ஈரத்தோடு ஒட்டியது. கடைசி அறைக்காரன் பல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் அவனிடம் போய், குழாயடியில் தேய் என்றேன். "வாடகை நானும்தான் தர்றேன் சார்" என்றான் நுரையோடு. ஒரு பொட்டு நுரை என் கைமேல் விழுந்தது. அதைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துவிட்டது. மனைவி எழுந்திருப்பதையே குறைத்துக்கொண்டாள். மாத்திரையை எச்சிலில் விழுங்கினாள். நெற்றியைத் தொட்டால் மாலையில் சுட்டது.

பூஜைக்கு மறுநாள் பட்டறைக்குப் போனோம்.

கதவு சுவரில் சாய்ந்து நின்றது. அடியில் புதுச்சட்டம், விளிம்பெல்லாம் வழவழவென்று. நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், அதன்மேல் பெரிய குங்குமப் பொட்டு. குடைக்கும் கோப்பைக்கும்கூட ஆளுக்கொரு பொட்டு. மேல் விளிம்பில் ஒரு முழம் சாமந்தி. கதவுக்கு முன்னால் அணைந்த கற்பூரத்தின் கறை.

"சமையல்கட்டுக் கதவாச்சே" என்றார் ஆசாரி. "அன்னபூரணி நிக்கிற எடம். அதான் மொத வேலைய அம்சமா பண்ணி வுட்டேன்." பொரியும் பொட்டுக்கடலையும் ஒரு பொட்டலம் தந்தார். வண்டிக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பாதி வழியில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "மாமு, இத்த கழுவிறலாமா?"

"கழுவேன்."

"நீ கழுவு."

"நீதான சமையல்கட்டுன்னு சொன்ன?"

"அய்ய, நான் மாட்டேன்பா. சாமி குத்தம் ஆயிரும். பேஜாரு."

போன வாரம் கூசாமல் எலியையும் பூனையையும் வைத்துப் பொய் சொன்ன மனிதர், ஒரு சிட்டிகை குங்குமத்துக்கு நடுங்கினார். நானும் கழுவவில்லை. எனக்குச் சாமி பயமில்லை. இருந்தும் கை போகவில்லை, அதற்கு என்ன பெயர் என்று இன்றும் தெரியவில்லை. கதவு மீன் வாடையும் சாமந்தி வாடையுமாகக் குலுங்கிக்கொண்டு வந்தது.

சந்தில் இறக்கி வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி குங்குமத்தைத் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். இதே கதவை மூக்கைப் பொத்திக்கொண்டு காலால் உதைத்துத் திறந்தவர்கள். அதன் உள்பக்கம் மூக்குச் சளியைத் தேய்த்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். மாட்டலாமா என்று வண்டிக்காரர் கீலை எடுத்தார். ஒருத்தரும் அசையவில்லை.

"எப்டி மாட்டுறது? பூஜை போட்ட கதவு" என்றார்கள்.

வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். சந்தின் உள்ளே அவர் இவ்வளவு தூரம் வந்து நான் பார்த்ததில்லை. கதவைச் சுற்றி வந்தார். இழைத்த விளிம்பில் விரலை ஓட்டினார், புதுச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கான். இத்தப் போயி கக்கூஸ்ல மாட்டுவீங்களா? வெளங்குமா இந்த எடம்? என் ஸ்டோர் ரூமுக்குக் கதவு இல்லாம கீது. அங்க இருக்கட்டும். அரிசி பருப்பு வெக்கிற எடம், பூஜை போட்ட பொருளு, பொருத்தமா இருக்கும்."

"அப்ப கக்கூஸுக்கு?" என்றேன்.

"வேற பாக்கலாம்."

"எப்பம்மா?"

"அதான் சொன்னேனே. பொங்கலுக்கு அப்பால."

சுற்றிலும் பார்த்தேன். தலையாட்டினார்கள். "ஆமாமா, சாமி வெஷயம்" என்றது ஒரு குரல். கடைசி அறைக்காரனும் தலையாட்டினான், அவன் வாயில் அப்போது நுரை இல்லை, அதுதான் வித்தியாசம். தகரத்தின் பின்னால் விரலை விட்டபோதுகூட நான் இவ்வளவு அருவருக்கவில்லை. அங்கே இருந்தவை தங்களைச் சுத்தம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

என் மனைவி அறையிலிருந்து வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை சுவரில். காய்ச்சலில் கண் மின்னியது. கூட்டம் வழிவிட்டது.

"ஏம்மா, பூஜை போட்டா சுத்தம் ஆயிடுமா?" என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டாள்.

"பின்ன?"

"அப்ப இந்தக் கக்கூஸையும் பேத்து எடுத்துக்கினு போயி பூஜை போட்டு இட்டாரட்டும். அதையும் மேல கொண்டுபோயி அரிசி மூட்டைக்குப் பக்கத்துல வெச்சிக்கங்க."

வண்டிக்காரர் பொரியைத் தின்றுகொண்டிருந்தவர் புரையேறி இருமினார்.

"வாய் ரொம்ப நீளுதே" என்றார் வீட்டுக்காரம்மா.

"வயிறுந்தாம்மா நீளுது. தண்ணி குடிக்கலன்னா இது பொழைக்காதுன்னு சொல்லிக்கிறாங்க டாக்டரம்மா. குடிச்சா நான் எங்க போறது? ஒங்க ஸ்டோர் ரூமுக்கா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கதவின் முன்னால் போய் நின்றாள். குனிய முடியாது, அதனால் காலை அகட்டிக் கொஞ்சம் முட்டியை மடக்கி, கட்டைவிரலால் நடுவில் இருந்த குங்குமத்தை அப்படியே வழித்தாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தை வகிட்டில் வைத்தாள். மூலை மஞ்சளைக் கைக்கு எட்டியவரை வழித்துத் தாலியில் தடவினாள். சாமந்தியைப் பிய்த்துத் தலையில் சொருகினாள். குடையின் பொட்டையும் கோப்பையின் பொட்டையும்கூட விடவில்லை. சந்தனத்தை வயிற்றின்மேல் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"பூஜை எனக்கு வந்திருச்சி" என்றாள். "கதவு கக்கூஸுக்குப் போட்டும்."

நெற்றி நிறையக் குங்குமத்தோடு நிற்கிற பிள்ளைத்தாய்ச்சியை அந்தச் சந்தில் யார் என்ன சொல்ல முடியும்? எதைச் சொன்னாலும் அது குங்குமத்தைச் சொன்னதாகிவிடும். வீட்டுக்காரம்மா படியேறிப் போனார், செருப்பை ஒவ்வொரு படியிலும் அடித்து வைத்துக்கொண்டு.

"சாமி தங்கச்சி நெத்தில ஏறிக்கிச்சு" என்றார் வண்டிக்காரர், சட்டென்று தைரியம் வந்தவராக. "இனிமே இது வெறும் கட்டை. புடி மாமு அந்தப் பக்கம்."

மாட்டினோம். பழைய துளைகளில் ஸ்குரூ ஆடியது, தீக்குச்சியை ஒடித்துத் திணித்து முடுக்கினோம். தகரத்தைத் திரும்ப அடிக்கலாமா என்றேன், அப்புறமா அடி, மொதல்ல சாத்திப் பாரு என்றாள் மனைவி. சாத்தினேன். எங்கும் தட்டாமல், எதையும் பிடிக்காமல் போய் நிலையில் உட்கார்ந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினேன். துளைக்குள் விழுந்தது. உள்ளே ஒரு கணம் இருட்டாக, நாற்றமாக, தனியாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் வாளியோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

வெளியே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாகப் போய் வாளி எடுத்து வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. குங்குமத்தைப் பிள்ளைக்கு வைத்தவளும் வந்தாள். சற்று முன் சாமி விஷயம் என்றவர்கள் எல்லோரும் வரிசையாக நின்றுவிட்டார்கள், வாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. எனக்கு அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர்களுக்கும் அவசரம் இருந்தது, எத்தனையோ நாள் அவசரம், அது தெரிந்தும் பிடிக்கவில்லை.

நேரமாயிற்று. உள்ளேயிருந்து சத்தமில்லை.

"இன்னா தங்கச்சி, உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா?" என்றார் வண்டிக்காரர்.

"ஆமாண்ணா. வெளிய எவனாச்சும் பல்லு தேய்க்கிறானான்னு பாத்து சொல்லு."

வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். கடைசி அறையின் கதவு சாத்திக்கொண்டது.

அவள் வந்தாள். வியர்வையில் குங்குமம் மூக்கு வரை இறங்கியிருந்தது. யாரையும் பார்க்காமல் எங்கள் அறைக்குள் போய், குடத்தைச் சாய்த்துச் சொம்பில் தண்ணீர் பிடித்தாள். லாரித் தண்ணீர், குளோரினும் துருவுமாக ஒரு மஞ்சள் நிறம், எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. கழுத்து வழியாக வழிந்து ஜாக்கெட் நனைந்தது. சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்துயா" என்றாள். "ரொம்ப ஊத்து."